பொதட்டூர்பேட்டைக் கொசுவின் எச்சில்

எங்கள் ஓய்வூதியர் சங்கம் இந்த வருடம் ஒரு மலர் போடுகிறது. அதற்கு நான் ஏதாவது எழுத வேண்டும் என்று செயலாளர் மூன்று முறை போன் செய்துவிட்டார். "இப்ப வர்றவங்களுக்கு எல்லாமே மெஷின்லயே வந்துடுதுண்ணே. நீங்கல்லாம் கையால பண்ணத எழுதுங்க. நல்லதா நாலு விஷயம் எழுதுங்க" என்றார். நல்லதாக நாலு விஷயம் என்னிடம் இல்லை. ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் நல்லது இல்லை. மலரில் போட்டாலும் சரி, கிழித்துப் போட்டாலும் சரி, எழுதி அனுப்பிவிடுகிறேன்.

சுகாதாரப் பிரிவில் நான் பார்த்தது இன்செக்ட் கலெக்டர் வேலை. அதாவது பூச்சி பிடிப்பவன். திருத்தணி பஸ் நிலையத்து டீக்கடைக்காரர் முதல் என் மைத்துனன் வரை எல்லோருக்கும் நான் "கலெக்டர்"தான். கலெக்டர் செய்த வேலை என்னவென்றால், அடுத்தவர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை விட்டு டார்ச் அடித்துக் கொசுப்புழு தேடுவது. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக எதுவும் இல்லை. உறிஞ்சுகுழலை வாயில் வைத்துக்கொண்டு மாட்டுக்கொட்டகைச் சுவர்களில் கொசு பிடித்தேன். மீசை அடர்ந்திருந்தால் ஆண், இல்லாவிட்டால் பெண் என்று பிரிக்கக் கற்றேன். காலில் வெள்ளைப் பட்டை இருந்தால் ஏடிஸ், பகலில் கடிப்பது, டெங்குவும் சிக்குன்குனியாவும் அதன் கைவேலை என்று மனப்பாடம் செய்தேன். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன வீட்டிலும் முதலில் தொட்டியைத்தான் பார்த்தேன் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

என் மேலதிகாரி பூச்சியியல் அலுவலர் வசந்தகுமாரி மேடம். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யார் என்ன தகவல் கொண்டுவந்தாலும் ஒரே கேள்விதான் கேட்பார்: "நீங்க பாத்தீங்களா, சொன்னாங்களா?" சொன்னார்கள் என்றால் நோட்டில் எழுத மாட்டார். திரும்பப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்வார், அது பள்ளிப்பட்டுக்கு அப்பால் ஆந்திர எல்லையில் இருந்தாலும் சரி. சீட்டுகளைப் பென்சிலால்தான் எழுத வேண்டும், பேனா மை ஈரத்தில் ஓடிவிடும். மற்றவர்கள் கொண்டுவரும் பொட்டலங்களைப் பிரித்து, சீட்டையும் உள்ளே இருப்பதையும் ஒத்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுவார். என்னுடைய பொட்டலத்தை மட்டும் பிரிக்க மாட்டார். வாங்கி, சீட்டைப் பார்த்து, கையெழுத்துப் போட்டுவிடுவார். அந்தப் பெருமையில்தான் பல வருடம் நடமாடினேன். அதுவேதான் பிறகு என் தலையில் விழுந்தது.

ஒரு கோடையில், வேறு எங்கோ பரவிக்கொண்டிருந்த சிக்குன்குனியா வைரஸின் புது வகை ஒன்று நம் பக்கம் வந்தால் என்ன ஆகும் என்று சோதிக்க, சென்னையில் ஓர் ஆய்வுக்கூடம் முன்வந்தது. வைரஸ் ஒன்றாக இருந்தாலும் எல்லா ஊர்க் கொசுவும் அதை ஒரே அளவில் பரப்பாது. மேடம் எங்களை உட்கார வைத்து இதைச் சொன்ன விதம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"கொசு ரத்தம் குடிக்குது, வைரஸ் வயித்துக்குப் போகுது. வயித்தோட நின்னா அது கொசுவோட பிரச்சினை. வயித்தத் தாண்டி உடம்பு பூராப் பரவி, எச்சில்ல வந்து சேந்தாத்தான் நம்ம பிரச்சினை. ஒரு ஊர்க் கொசுவுல சேரும், பக்கத்து ஊர்க் கொசுவுல சேராது. அதனால அந்தந்த ஊர் முட்டையா வேணும். கூண்டுல தலைமுறை தலைமுறையா வளத்த கொசு ஆகாது. அதோட குணமே மாறிப் போயிருக்கும்."

எங்கள் பகுதியிலிருந்து பொதட்டூர்பேட்டையைச் சேர்த்தது மேடம்தான். அதற்காக மேலிடத்தில் வாதாடினார். அங்கே வீட்டுக்கு வீடு தறி. தரையில் தோண்டிய குழிக்குள் கால்களைத் தொங்கவிட்டு, மிதிகட்டையை மிதித்துக்கொண்டு பகல் முழுவதும் உட்கார்ந்து லுங்கி நெய்வார்கள். இருட்டு, ஈரம், அசைய முடியாத வெறுங்கால். ஏடிஸ் கொசுவுக்கு இதைவிட வசதி எங்கே கிடைக்கும்? அந்தத் தெருக் கொசுவின் எச்சிலில் வைரஸ் வருமா என்று தெரிந்தால், மழைக்கு முன்பே ஆட்களையும் மருந்தையும் அங்கே அனுப்பலாம் என்பது அவர் கணக்கு.

முட்டை சேகரிப்பது என் பொறுப்பு. கறுப்பு டப்பாவில் பாதி தண்ணீர் ஊற்றி, உள்ளே ஒரு தடித்த காகிதத் துண்டைச் செருகி, வீட்டுக்குள் இருட்டு மூலையில் வைக்க வேண்டும். ஐந்து நாளில் தண்ணீர் விளிம்பை ஒட்டிக் காகிதத்தில் மிளகுத்தூள் தூவியதுபோல முட்டைகள் ஒட்டியிருக்கும். அந்தத் துண்டுகளை நிழலில் உலர்த்தி, சீட்டு எழுதி அனுப்பினால், ஆய்வுக்கூடத்தில் தண்ணீரில் போட்டுப் பொரிக்க வைத்துக்கொள்வார்கள்.

ஒரு தெரு முழுவதும் டப்பா வைத்தேன். அந்தத் தெருவில் எனக்கு மிக நெருக்கமான வீடு நெசவாளர் நாகரத்தினத்துடையது. அவர் மனைவி சரோஜா என்னை அண்ணா என்று கூப்பிடுவதால் நாகரத்தினத்துக்கு நான் பாவா, அதாவது மச்சான் முறை. "எங்க வூட்டுக் கொசு மெட்ராசுக்குப் போய்ப் படிக்கப் போவுதா பாவா?" என்று கேலி செய்துகொண்டே தறிக்குழிக்குப் பக்கத்தில் டப்பாவுக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தார்.

ஐந்தாம் நாள் காலை துண்டுகளை எடுக்கப் போனேன். தெருவெல்லாம் ஈரமாக இருந்தது. ஒரு வீட்டிலும் தறிச் சத்தம் இல்லை. வாசலுக்கு வாசல் என் கறுப்பு டப்பாக்கள் பளபளவென்று தேய்த்துக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

அமாவாசை. நெசவாளர்கள் அமாவாசைக்குத் தறியில் உட்கார மாட்டார்கள். தறிவீட்டைக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிடுவார்கள். இது எனக்குத் தெரியாததா? எத்தனை வருடமாக அமாவாசையை விலக்கித்தான் டப்பா வைத்து வந்தேன். இந்த முறை ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த தேதிப் பட்டியலைப் பார்த்து நாளை எண்ணியவன், சுவரில் தொங்கிய தினக் காலண்டரைத் திரும்பிப் பார்க்கவில்லை. இந்தப் பக்கத்தில் வேலை பார்த்தவன் செய்யக்கூடாத தப்பு.

"இன்னாண்ணா அப்புடிப் பாக்குறீங்க? அம்மாவாசயாச்சே, கழுவ வேணாமா?" என்றார் சரோஜா. "அழுக்குத் தண்ணின்னு கொட்டிட்டேன். உள்ள இருந்த அட்டையும் ஊறிப்போய்க் கெடந்துச்சி, குப்பையில போட்டேன். டப்பா நல்லாத்தான் இருக்கு, பாருங்க."

"ஒண்ணுகூட ஒடையல பாவா, பயப்படாதீங்க" என்றார் நாகரத்தினம்.

நான் சிரித்தேன். வேறு என்ன செய்வது? மறுபடி வைத்தால் இன்னும் ஐந்து நாள், உலர்த்த இரண்டு நாள். அதற்குள் ஆய்வுக்கூடத்தில் குறித்த நாள் போய்விடும். வைரஸை அந்த நாளுக்குத்தான் தயாராக்குகிறார்கள், தவறினால் எங்கள் ஊர் பட்டியலிலிருந்து போய்விடும். பஸ் நிறுத்தத்திலிருந்து மேடத்துக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்.

"துண்டு எடுத்தாச்சா?" என்றவர், நான் வாயைத் திறப்பதற்குள், "உங்ககிட்ட இதக் கேக்கவே வேணாம்" என்றார்.

"எடுத்தாச்சு மேடம்" என்றேன்.

எங்கள் நிலையத்தில் பயிற்சிக்காக ஒரு கூண்டில் ஏடிஸ் கொசு வளர்த்து வந்தோம். எப்போதோ திருத்தணியில் பிடித்ததன் வாரிசுகள். எத்தனையாவது தலைமுறை என்று நாங்களே எண்ணுவதை விட்டுவிட்டோம். அந்தக் கூண்டில் இருந்த முட்டைத் துண்டுகளை எடுத்து உலர்த்தினேன். இதன் பாட்டிக்குப் பாட்டியும் இந்தப் பக்கத்துக் கொசுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பென்சிலைச் சீவி, சீட்டில் பொதட்டூர்பேட்டை என்று எழுதி, தெருப் பெயரையும் எழுதினேன். மேடம் வாங்கினார், பிரிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

ஆய்வுக்கூடத்தில் ஆள் பற்றாக்குறை என்பதால் என்னையும் உதவிக்கு அழைத்துப் போனார். அங்கே கதவுக்குள் கதவு, அதற்குள் இன்னொரு கதவு. வைரஸ் கலந்த ரத்தத்தைச் சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, மெல்லிய சவ்வால் மூடி, உடம்புச் சூட்டில் வைப்பார்கள். ஒரு நாள் பட்டினி போட்ட பெண் கொசுக்கள் வலைக்குள்ளிருந்து அந்தச் சவ்வைத் தேடி வந்து குத்த வேண்டும். பிடித்து வந்த ஊர்க் கொசு சவ்வில் சுலபத்தில் உட்காராது, பிகு பண்ணும். நான் கொடுத்தவை கூண்டுப் பரம்பரை, வந்து மொய்த்துக்கொண்டு குடித்தன.

மேடம் குனிந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஊர்க் கொசு இவ்ளோ நல்லாக் குடிக்குமா?" என்றார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார். அதுதான் எனக்குக் கிடைத்த கடைசி வாய்ப்பு. நான் கையுறையைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

பத்து நாளுக்கு மேல் அவற்றைச் சர்க்கரைத் தண்ணீரில் வைத்திருந்து, பிறகு குளிரூட்டி மயங்க வைத்தோம். இடுக்கியால் காலையும் இறக்கையையும் கழற்றிவிட்டு, அதன் ஊசியை மயிரிழை போன்ற கண்ணாடிக் குழாய்க்குள் நுழைக்க வேண்டும். அரை மணி நேரத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவு எச்சிலை அது விடும். உடல் ஒரு குழாயில், கால்கள் ஒரு குழாயில், எச்சில் ஒரு குழாயில் என்று தனித்தனியே சோதனைக்குப் போகும். என் கை நடுங்காது என்பதால் குழாய் நுழைக்கும் வேலையை எனக்கே கொடுத்தார்கள். அன்றும் என் கை நடுங்கவில்லை. அதை நினைத்தால் இப்போது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

முடிவு வந்தது. வயிற்றில் வைரஸ் இருந்தது. எச்சிலில் மிகச் சிலவற்றில்தான் இருந்தது. பொதட்டூர்பேட்டைக் கொசு இந்த வகையைச் சரியாகப் பரப்பாது என்று அறிக்கை எழுதப்பட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அன்று சந்தோஷமாக இருந்தது. நல்ல முடிவுதானே, யாருக்கும் கெடுதல் இல்லையே என்று நினைத்தேன்.

கெடுதல் கூட்டத்தில் வந்தது. மழைக்கு முன் எந்தத் தெருக்களுக்கு ஆள் அனுப்புவது என்று பேசினார்கள். வீடு வீடாகப் புழு பார்க்கும் பணியாளர்கள் எப்போதும்போலக் கொஞ்சம் பேர்தான். ஆடிக் கிருத்திகைக்கு எல்லா ஊரிலிருந்தும் காவடி வரும், அதனால் திருத்தணி மலையடிவாரத்துக்கே எல்லோரையும் போடலாம், நெசவுத் தெருக்கள் காத்திருக்கட்டும் என்றார் ஒரு அதிகாரி. மேடம், "ஒரே ஒரு தடவை பண்ண சோதனை சார்" என்று தயங்கினார். "உங்க அறிக்கைதானே மேடம்?" என்றார் அவர். மேடம் உட்கார்ந்துவிட்டார். நான் சுவரோரம் நின்றிருந்தேன்.

ஐப்பசியில் பொதட்டூர்பேட்டையில் காய்ச்சல் வந்தது. தெருத் தெருவாக மூட்டு வலியில் படுத்துவிட்டார்கள். குழியில் இறங்க முடியாமல், இறங்கினால் ஏற முடியாமல் தறிகள் நின்றன. நாகரத்தினத்தின் மகள் ஜமுனா தலைப் பிரசவத்துக்குச் சென்னையிலிருந்து தாய்வீட்டுக்கு வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. பிரசவ வலி வந்த அன்று அவளுக்குக் கொதிக்கும் காய்ச்சல்.

ஆண் குழந்தை, நல்ல எடை. நான்காம் நாள் பால் குடிப்பதை நிறுத்தியது. மூக்கைச் சுற்றித் தோல் கறுத்தது. பிறகு வலிப்பு வந்தது. சென்னைக்குக் கொண்டு போனார்கள். பிரசவ நேரத்தில் தாய்க்குக் காய்ச்சல் இருந்ததா என்று டாக்டர் கேட்டபோது நானும் அங்கே நின்றிருந்தேன். பிரசவத்தில் தாயிடமிருந்து வந்த வைரஸ் மூளையைத் தாக்கியிருக்கிறது என்றார். பிழைத்துவிட்டான். பெயர் தருண். இப்போது ஐந்து வயது. கழுத்து நிற்கவில்லை. யாரையும் பார்த்து அவன் சிரிப்பதில்லை. ஜமுனாவின் கணவன் ஒரு வருடம் வந்து போனான், பிறகு வருவதில்லை.

இதைவிடக் கொடுமை ஒன்று நடந்தது. எங்கள் அறிக்கையின்படி அந்த ஊர்க் கொசு பரப்பாது. அப்படியானால் காய்ச்சல் எப்படி வந்தது? வெளியூரிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்திருக்க வேண்டும் என்று விசாரணைக் குறிப்பில் எழுதினார்கள். கர்ப்பிணி, சென்னையிலிருந்து வந்தவர் என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்த வரி எப்படியோ தெருவுக்குப் போய்விட்டது. ஜமுனாதான் மெட்ராசிலிருந்து காய்ச்சலைக் கொண்டுவந்து தெருவையே படுக்க வைத்தாள் என்று பேசினார்கள். குழாயடியில் அவள் வந்தால் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். அவளும் அதை நம்பினாள்.

நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடும், ஓய்வூதியம் நின்றுவிடும் என்று பயம். ஓய்வு பெற்று, எல்லாக் காகிதமும் கைக்கு வந்த பிறகுதான் எனக்கு மனசாட்சி வந்தது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

போன மாசியில் ரயிலேறி மேடம் வீட்டுக்குப் போனேன். அவரும் ஓய்வு பெற்றுத் தனியாக இருக்கிறார். டீ கொடுத்தார். சொன்னேன். கோப்பையைக் கீழே வைத்தார்.

"எத்தனை துண்டு?" என்றார்.

"எல்லாமே மேடம்."

"நான் பிரிச்சுப் பாத்திருக்கணும்" என்றார். திட்டியிருந்தால் தேவலை. "நெஜமான முட்டைய வச்சிருந்தாலும் இதே முடிவுகூட வந்திருக்கலாம். அப்பவும் அவங்க ஆள் அனுப்பாம இருந்திருக்கலாம். இனிமே யாராலயும் சொல்ல முடியாது. ஆய்வுக்கூடத்துக்கு நான் எழுதுறேன்." எழுதினார். பழைய மாதிரிகள் எதுவும் இப்போது இல்லை, குறித்துக்கொண்டோம் என்று இரண்டு வரி பதில் வந்ததாம்.

நான் கிளம்பும்போது, "அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த வாரமே பொதட்டூர்பேட்டைக்குப் போனேன். நாகரத்தினம் தறியை நிறுத்திவிட்டு மேலே ஏறி வந்தார். சரோஜா, ஜமுனா, பாயில் தருண். எல்லாவற்றையும் சொன்னேன். கூண்டு முட்டை, பொய்ச் சீட்டு, கூட்டத்தில் நான் வாயை மூடி நின்றது, ஒன்றையும் விடவில்லை. "ஜமுனா எதையும் கொண்டாரலம்மா. இந்த ஊர்க் கொசுவ நாங்க சோதிக்கவே இல்ல. தப்பு என்னோடது" என்றேன். அவள் தலைமேல் இருந்த பழியை இறக்கிவிட்டேன் என்றே நினைத்தேன். காலில் விழவும் தயாராக இருந்தேன்.

நாகரத்தினம் தறிக்குழி விளிம்பில் உட்கார்ந்தார். ஜமுனா பையனின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. சரோஜாதான் பேசினார்.

"டப்பாத் தண்ணியக் கொட்டுனது நான்தானே அண்ணா?"

"அதுல ஒண்ணும் இல்லம்மா. அம்மாவாசயப் பாக்காம வச்சது நான்."

"அந்த அட்ட அப்புடியே இருந்திருந்தா?"

"சரோஜா, நீங்க ஒரு தப்பும் பண்ணல. பொய் எழுதினது நான்."

"ஆங்" என்றார். "கொட்டாம இருந்திருந்தா நீங்க ஏன் பொய் எழுதப் போறீங்க?"



இரண்டு மாதம் கழித்து நாகரத்தினம் போன் செய்தார். "ஒரு தபா வந்துட்டுப் போங்க பாவா. அவ தண்ணியே கொட்ட மாட்றா. அம்மாவாசக்கித் தறிவூட்டக்கூடக் கழுவல. நான் கொட்டுனா திரும்பப் புடிச்சி வச்சிக்கினு கெடக்குறா."

போனேன். முற்றத்தில் டிரம், வாளி, சாயத் தொட்டி, அண்டா, எல்லாவற்றிலும் விளிம்புவரை பழைய தண்ணீர். தருண் படுத்திருந்த அறைக்குள் மூன்று குடங்கள். டார்ச் அடித்தேன். எல்லாவற்றிலும் புழு நெளிந்தது. அவன் காலருகே வெள்ளைப் பட்டைக் கொசு பறந்துகொண்டிருந்தது.

வேலையில் இருந்த காலமெல்லாம் வாசல் வாசலாக நின்று தண்ணீரைக் கொட்டுங்கள் என்று கத்தியவன் நான். உட்கார்ந்து அரை மணி நேரம் அவரிடம் பேசினேன். முட்டை, புழு, எச்சில் என்று எனக்குத் தெரிந்த அத்தனையையும் சொன்னேன். எல்லாவற்றுக்கும் ஆங், ஆங் என்றார். எழுந்து ஒரு குடத்தில் கை வைத்தேன். சரோஜா வந்து குடத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"வேணாண்ணா. இன்னொரு தபா கொட்டிட்டு எதுனா ஆச்சின்னா, என்னால தாங்க முடியாது."

"சரிம்மா, கொட்ட வேணாம். புழு மருந்தாவது போட்டுட்டுப் போறேன்" என்று பையிலிருந்து பொட்டலத்தை எடுத்தேன்.

அவர் பொட்டலத்தைப் பார்த்தார். அதன்மேல் பென்சிலால் நான் எழுதியிருந்ததையும் பார்த்தார்.

"உங்க கையால வேணாண்ணா" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. ஜமுனா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பொட்டலத்தைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.